ஊஞ்சல் பலகையில் பூசிய மெழுகு காயவே இல்லை

திருவல்லிக்கேணியில் எங்கள் வீட்டுத் தேக்கு ஊஞ்சலுக்கு நானே மெருகு தயாரித்துப் பூசினேன். தேன்மெழுகு 50 கிராம், செக்கில் ஆட்டிய காய்ச்சாத ஆளிவிதை எண்ணெய் 200 மில்லி, கொஞ்சம் டர்பென்டைன். மூன்று பூச்சு, அதுவும் தாராளமாக. 12 நாளாகியும் காயவில்லை. விரல் வைத்தால் ரேகை பதிகிறது. அப்பா எழுந்தால் வேட்டியும் பலகையோடு ஒட்டிக்கொண்டு வருகிறது. கடற்காற்றின் ஈரமும் காரணமோ என்னவோ.

இரண்டு நாள் மின்விசிறி ஓடவிட்டேன், பருத்தித் துணியால் அழுத்தித் துடைத்தேன், பயனில்லை. ஓரத்தில் மட்டும் டர்பென்டைன் தொட்டுத் துடைத்தபோது பிசுக்கு போனது, ஆனால் மரம் திட்டாக வெளிறிவிட்டது. அரப்புத்தூள் போட்டுத் தேய்க்கச் சொல்கிறார் அம்மா, எனக்குத் துணிவில்லை. மொட்டைமாடி வெயிலில் வைத்தால் பலகை வளைந்துவிடும் என்ற பயம் வேறு.

முழுவதையும் டர்பென்டைனால் துடைத்தெடுத்துவிட்டுக் காய்ச்சிய ஆளிவிதை எண்ணெயை மெல்லியதாகப் பூசலாமா, அல்லது இன்னும் சில வாரம் காத்திருந்தால் இதுவே இறுகிவிடுமா?