போட்ட கொஞ்ச நேரத்தில் மங்கும் டார்ச்: வழி சொல்லுங்கள்

வணக்கம். தேன்கனிக்கோட்டைப் பக்கம் ராகிக் காவலுக்கு மலிவு விலை எல்இடி டார்ச் ஒன்று வைத்திருக்கிறேன். ஒற்றை 18650 செல் (திரும்பத் திரும்பச் சார்ஜ் செய்யும் லித்தியம் பேட்டரி). முழு வெளிச்சத்தில் வைத்தால் சில நிமிடங்களிலேயே மங்கிவிடுகிறது. செல்லில் சார்ஜ் தீர்ந்துவிடவில்லை, உடனே கழற்றி மீட்டரில் வைத்தாலும் 3.9 வோல்ட் காட்டுகிறது. டார்ச்சின் பாடியோ லேசான சூடுதான். அதாவது எல்இடியின் சூடு வெளியே இறங்கவில்லை. பிரித்துப் பார்த்தேன், எல்இடி உட்கார்ந்திருக்கும் அலுமினியத் தகட்டுக்கு அடியில் சூட்டைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட்டே இல்லை!

பேஸ்ட் மட்டும் தடவினால் போதுமா, செம்புத் தகடாகவே மாற்றிவிடலாமா? 20 மி.மீ. தகடு ஓசூரிலோ கிருஷ்ணகிரியிலோ கிடைக்குமா?

அப்புறம், உபரியாக ஒரு நல்ல செல்லும் வேண்டும். 9900 எம்ஏஎச் (செல்லின் கொள்ளளவு) என்று அச்சடித்த சமாச்சாரம் வேண்டாம், இந்த அளவு செல்லில் அவ்வளவு அடங்கவே அடங்காது. யானை இறங்கும் நேரம் நெருங்குகிறது, தெரிந்தவர்கள் கொஞ்சம் சீக்கிரம் சொல்லுங்கள்.