கலைச்சொல் வேண்டல்: போர் உத்தி விளையாட்டுகளில் 'ரெயில்ரோடிங்'

மடல் 1

வணக்கம்.

போர் உத்தி விளையாட்டுகளுக்கான சொற்பட்டியலில் மற்றவை ஓரளவு படிந்துவிட்டன. 'ரெயில்ரோடிங்' மட்டும் இழுத்துக்கொண்டே போகிறது. ஆட்டக்காரர் என்ன செய்தாலும், ஏற்கெனவே நடந்த வரலாற்றின் பாதையிலேயே ஆட்டம் அவரைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதைத்தான் இப்படிச் சொல்கிறார்கள். பெரும்பாலும் குறையாகத்தான் சொல்வார்கள்.

புழக்கத்துக்குச் சில எடுத்துக்காட்டுகள். 2001இல் வந்த 'ஐரோப்பா யுனிவர்சாலிஸ் 2' என்ற கணினி விளையாட்டில் பெரிய நிகழ்வுகள் நாடும் தேதியும் குறித்தே எழுதப்பட்டிருந்தன. அதற்குள் ஆட்டத்தின் உலகம் தலைகீழாகியிருந்தாலும் தேதி வந்தால் நிகழ்வு வரும். 2007இன் மூன்றாம் பதிப்பு எதிர்த்திசைக்குப் போனது. 2013இன் நான்காம் பதிப்பு, நிபந்தனை பொருந்தினால் மட்டும் வரும் நிகழ்வுகள் என்று நடுவில் வந்து நின்றது. இரண்டாம் உலகப்போர் விளையாட்டான 'ஹார்ட்ஸ் ஆஃப் அயர்ன் 4'இல் (2016) தொடக்கத் திரையிலேயே 'ஹிஸ்டாரிகல் ஏஐ' என்று ஒரு தெரிவு உண்டு. அதை இட்டால் ஏஐ ஓட்டும் நாடுகள் ஏறத்தாழ நடந்த வரிசையிலேயே ஃபோகஸ்களை (நாட்டின் அடுத்த பெரிய திட்டம் எது என்ற தெரிவுகளை) எடுக்கும்.

இதுவரை வந்த பரிந்துரைகள்: தண்டவாளப்படுத்தல், வரலாற்றுக் கடிவாளம், வரலாற்றுக் கட்டு, ஊழ்வழி. தேவை இரண்டுதான். வினையாகவும் பெயராகவும் புழங்க வேண்டும். பொத்தானுக்குள் அடங்க வேண்டும்.

மடல் 2

மறு: கலைச்சொல் வேண்டல்

> ஆட்டக்காரர் என்ன செய்தாலும், ஏற்கெனவே நடந்த வரலாற்றின் பாதையிலேயே

இந்த வரையறையிலேயே சிக்கல் இருக்கிறது, ஐயா. ஆங்கிலத்தில் ஒரே வசைச்சொல்லால் நாலு வேறு விஷயங்களைத் திட்டுகிறார்கள். நாமும் ஒரே சொல்லை வைத்தால் அந்தக் குழப்பத்தையும் சேர்த்துத்தான் இறக்குமதி செய்வோம்.

1941 செப்டம்பரில் ஜெர்மானியர் கீவ் அருகே சோவியத் படைகளைச் சுற்றிவளைத்ததை எடுத்துக்கொள்ளலாம். கிழக்குமுனை (ஜெர்மன்-சோவியத் போர்முனை) ஆட்டம் செய்கிற எல்லாரும் இடறும் இடம் இது. ஜூலை 29 அன்று கீவைக் கைவிடச் சொன்ன சோவியத் தளபதி ஜூகோவ், படைத் தலைமைப் பணியகத் தலைவர் பதவியை இழந்தார். ஆகஸ்ட் இறுதியில் ஜெர்மன் தளபதி குடேரியனின் டாங்கிக் குழு தெற்கே திரும்பியது. பின்வாங்க அனுமதி கேட்ட சோவியத் தளபதி புத்யோன்னியை எடுத்துவிட்டுத் திமோஷென்கோவை அனுப்பினார்கள். செப்டம்பர் நடுவில் லோக்விட்சா அருகே, வடக்கிலும் தெற்கிலும் இருந்து வந்த இரண்டு ஜெர்மன் இடுக்கிகளும் சேர்ந்தன. 19ஆம் தேதி நகரம் விழுந்தது. ஜெர்மானியர் சொன்ன கைதிக் கணக்கு 6 லட்சத்து 65 ஆயிரம்.

இப்போது சோவியத் பக்கம் ஆடுகிறவரை நினைத்துப் பாருங்கள். என்ன நடக்கப்போகிறது என்று அவருக்குத் தெரியும். ஆகஸ்டிலேயே எல்லாக் காய்களையும் தினீப்பர் ஆற்றைத் தாண்டி வெகுதூரம் கிழக்கே கூட்டிப்போய்விடுவார். சுற்றிவளைப்பே நடக்காது. ஜெர்மன் பக்கம் ஆடுகிறவருக்கு வெறுங்கை. இதைத் தடுக்க வடிவமைப்பாளரிடம் இருக்கும் வழிகள்:

ஒன்று, தென்மேற்கு முனையின் படைகள் இத்தனையாம் சுற்று வரை நகரக்கூடாது என்று விதி எழுதுவது. மேசை விளையாட்டுக்காரர்கள் இதை 'முட்டாள் விதி' என்பார்கள். வரலாற்று மனிதர் செய்த தவற்றை ஆட்டக்காரரும் செய்தே ஆக வேண்டும்.

இரண்டு, விலை வைப்பது. முன்கூட்டியே விட்டால் வெற்றிப் புள்ளி போகும்.

மூன்று, அந்த முடிவை ஒருகாலத்தில் கடினமாக்கிய காரணத்தையே ஆட்டத்துக்குள் கொண்டுவருவது. 1941இன் இரண்டாம் பாதியில் 1,523 பெரிய தொழிலகங்களைக் கிழக்கே பெயர்த்தார்கள். அதற்கு ரயில் வேண்டும். படையைப் பின்வாங்க வைக்கவும் அதே ரயில்தான் வேண்டும். ஒரு சுற்றுக்கு இவ்வளவுதான் வண்டி என்று வைத்துவிட்டால், நகரத்தை விட்டு ஓடுகிறவர் தொழிற்சாலையை விட்டுவிட்டு ஓடுகிறார். யாரும் அவரைத் தடுக்கவில்லை. 1943இல் டாங்கி கிடைக்காதபோது அவரே கணக்குப் பார்த்துக்கொள்வார்.

நான்கு, தெரியாமல் ஆக்குவது. குடேரியன் மாஸ்கோவுக்குப் போகிறாரா தெற்கே திரும்புகிறாரா என்பதைப் போர்மூட்டம் (எதிரியின் நகர்வு தெரியாதபடி செய்யும் ஏற்பாடு) மறைக்க வேண்டும். ஆகஸ்டில் ஜெர்மன் தலைமைக்கே அதில் ஒற்றுமை இல்லை.

முதலாவதை மட்டும்தான் ரெயில்ரோடிங் என்று திட்ட வேண்டும் என்பது என் கருத்து. மற்ற மூன்றும் நல்ல வடிவமைப்பு. ஆனால் தோற்ற ஆட்டக்காரர் நாலையும் ஒன்றாகத்தான் திட்டுகிறார்.

மடல் 3

கடிவாளத்துக்கு என் ஓட்டு. ஊழ்வழி வேண்டவே வேண்டாம். ஊழுக்கு பேட்ச் போட முடியாது.

இன்னொன்று. 'என்ன நடக்கப்போகிறது என்று அவருக்குத் தெரியும்' என்று மேலே வந்ததற்கும் ஒரு சொல் தேவைப்படுகிறது. 'பின்னறிவு' என்று சிலர் எழுதுகிறார்கள். நம்மிடம் 'பின்புத்தி' இருக்கிறதே?

மடல் 4

மறு: மறு: கலைச்சொல் வேண்டல்

பின்புத்தி என்றால் காரியம் கெட்டபிறகு வருகிற புத்தி. இங்கே நேர்மாறு. 1941இல் உட்கார்ந்திருப்பவருக்கு 1945 தெரிந்திருக்கிறது. காரியம் கெடுவதற்கு முன்பே வந்துவிடுகிற புத்தி. ஆகவே 'பின்னறிவு' இருக்கட்டும். பின்னால் நடக்கப்போவதை அறிந்த அறிவு என்று அதற்குப் பொருள் கொள்ளலாம்.

கடிவாளத்தைப் பற்றி: கடிவாளம் சவாரி செய்கிறவர் கையில் இருப்பது. இங்கே ஆட்டக்காரர் சவாரி செய்கிறவரா குதிரையா என்பதுதான் வழக்கே. உருவகம் உதவுவதைவிடக் குழப்பும்.

இரண்டாம் மடலின் பிரிவினை எனக்கு உடன்பாடு. ஆனால் நாலு சொல் வேண்டாம், இரண்டு போதும். விதி எதைப் பிடித்துக் கட்டுகிறது என்று பார்த்தால் எல்லாம் இரண்டு பெட்டிக்குள் வந்துவிடும். முடிவைக் கட்டுவது ஒன்று. முடிவெடுக்கும் நிலைமையைக் கட்டுவது இன்னொன்று.

முன்னதற்கு முடிவுத் திணிப்பு. 1942 மே மாதம் யமாட்டோ என்ற போர்க்கப்பலில் ஜப்பானியக் கடற்படை, தான் நடத்தவிருந்த மிட்வே தீவுத் தாக்குதலை மேசையில் ஆடிப்பார்த்தது. அமெரிக்க விமானங்களின் தாக்குதலுக்குப் பகடை உருட்டியபோது ஒன்பது குண்டுகள் பட்டு அகாகி, காகா என்ற ஜப்பானிய விமானந்தாங்கிக் கப்பல்கள் இரண்டும் மூழ்கின. நடுவராக இருந்த ஜப்பானியத் தளபதி உகாகி அதை மூன்று குண்டுகளாகக் குறைத்தார். அகாகி சிறு சேதத்தோடு தப்பியது. மூழ்கிய காகாவும் அடுத்த கட்ட ஆட்டத்தில் மறுபடி மிதந்தது. ஜூனில் அந்த இரண்டு கப்பல்களும் உண்மையிலேயே மூழ்கின. ஒருவருக்கு வேண்டிய முடிவு வரும்வரை விதியை வளைப்பதுதான் திணிப்பு. அது வரலாற்றின் பக்கம் வளைந்தாலும் எதிர்ப்பக்கம் வளைந்தாலும் வேலை ஒன்றே.

பின்னதற்கு தளை. விலங்கு என்ற பொருளும் உண்டு, யாப்பின் பொருளும் உண்டு. நமக்கு வேண்டியது யாப்பின் தளை. காய்முன் நேர்தான் வர வேண்டும் என்கிறது வெண்டளை. அந்த நேரசையில் என்ன சொல் வர வேண்டும் என்று சொல்வதில்லை. நின்ற சீருக்கும் வரும் சீருக்கும் நடுவே உள்ள உறவை மட்டும் கட்டிவிட்டு, பாட்டு எங்கே போக வேண்டும் என்பதைப் பாடுகிறவரிடம் விட்டுவிடுகிறது. நல்ல போர் விளையாட்டின் விதியும் அப்படித்தான் இருக்க வேண்டும்.

கிழக்குமுனையிலிருந்தே இரண்டுக்கும் சான்று. 'வார் இன் தி ஈஸ்ட்' (2010) விளையாட்டில் முதல் குளிர்கால விதி என்று ஒன்று உண்டு. 1941 டிசம்பர் முதல் 1942 பிப்ரவரி வரை அச்சுநாட்டுப் படைகளின் போர்த்திறன் கடுமையாகக் குறையும். தேதி முன்பே தெரிவதால், ஜெர்மன் பக்கம் ஆடுகிறவர்கள் அதற்குமுன்பே தாக்குதலை நிறுத்திவிட்டுப் பதுங்குகுழி தோண்டப் பழகிக்கொண்டார்கள். முடிவைத் திணித்த விதி, வரலாற்றில் யாரும் செய்யாத ஒன்றைச் செய்யத் தூண்டிவிட்டது. உண்மையில் நடந்தது என்ன? குளிருடுப்பு போலந்தில் தேங்கிக் கிடந்தது. இருந்த ரயிலில் எரிபொருளும் வெடிமருந்தும் ஏற்றினார்கள். சோவியத் ரயில்பாதை அகலம் 1,524 மி.மீ., ஜெர்மன் பாதை 1,435 மி.மீ. 89 மி.மீ. வித்தியாசத்துக்குத் தண்டவாளத்தை நகர்த்தி அடித்துவிடலாம், மரக்கட்டைகள்தானே. ஆனால் சோவியத் எஞ்சின்கள் பெரியவை, அவற்றுக்கேற்ப நீரேற்றும் நிலையங்கள் தூரம்தூரமாக இருந்தன. ஜெர்மன் எஞ்சின் அந்தத் தூரம் தாங்காது. பாதையை மாற்றினால் மட்டும் போதவில்லை, நடுவே புது நிலையம் கட்ட வேண்டியிருந்தது.

இதை அப்படியே விதியாக்கலாம். ஒரு சுற்றுக்கு ரயில் கொள்ளளவு 100 அலகு என்று வையுங்கள். எரிபொருள், வெடிமருந்து, குளிருடுப்பு மூன்றும் அதிலிருந்துதான். அக்டோபரில் உடுப்பை ஏற்றுகிறவர் மாஸ்கோவுக்கு மெதுவாகப் போவார், ஆனால் உறையமாட்டார். இங்கே பனிக்குத் தேதி வைத்தாலும் தவறில்லை. தண்டனைக்குத்தான் தேதி கூடாது.

விலை வைக்கும் முறையும் தளைக்குள் அடங்கும். 1999இல் வந்த 'பாத்ஸ் ஆஃப் குளோரி' என்ற முதல் உலகப்போர் அட்டை விளையாட்டில் ஒவ்வொரு சுற்றும் பகடை உருட்டி, எந்த நாடு தாக்கியே ஆக வேண்டும் என்று பார்ப்பார்கள். தாக்காவிட்டால் ஒரு வெற்றிப் புள்ளி போகும், அவ்வளவுதான். கூட்டணிக்காரரின் நச்சரிப்பும் உள்நாட்டு அரசியலும் ஒரு புள்ளியாகச் சுருங்கி வந்துவிட்டன. சில சுற்றுகளில் அந்தப் புள்ளியைக் கொடுத்துவிட்டுச் சும்மா இருப்பதே மேல்.

மடல் 5

தளை பிடித்திருக்கிறது. ஆனால் விலை தளைக்குள் அடங்கும் என்பதை அப்படியே விடமுடியாது, நண்பரே. ஒரு புள்ளி என்றால் தளை. ஐம்பது புள்ளி என்றால்? யாரும் கொடுக்கமாட்டாத விலை, தடைதான். பொத்தான் திரையில் இருக்கும், அழுத்துகிறவர் இருக்கமாட்டார். இப்படி வேடம் போட்ட திணிப்பைத்தான் அதிகம் பார்க்கிறோம். இதற்கு 'மறைதிணிப்பு' என்று ஒரு கிளைப்பதிவு வேண்டும்.

எது எது என்று பிரித்தறிய வழி இருக்கிறது. ஒரே தொடக்கநிலையை வைத்து இருபுறமும் ஏஐயை விட்டுப் பலமுறை ஓட்டுங்கள். ஒவ்வொரு ஓட்டத்திலும் ஒரு பெரிய முடிவை மட்டும் கையால் மாற்றுங்கள்: கீவை விடு, விடாதே, பாதிப் படையை மட்டும் எடு. எதை மாற்றினாலும் நகரம் அதே இரண்டு மூன்று சுற்றுக்குள் அதே இழப்போடு விழுந்தால் அது திணிப்பு, விதிப்புத்தகம் என்ன பெயர் சொன்னாலும் சரி. வரலாற்று முடிவு நடுவில் அடர்ந்தும் மற்றவை இருபக்கம் சிதறியும் வந்தால் தளை வேலை செய்கிறது. வரலாற்று முடிவு ஒருமுறைகூட வராவிட்டால் தளை தளர்ந்துவிட்டது. பெரும்பாலும் பின்னறிவுக்கு மருந்து போட மறந்திருப்பார்கள்.

சோதிக்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஏஐக்குப் பின்னறிவு கிடையாது. ஏஐ ஓட்டத்தில் அழகாகச் சிதறும் ஆட்டம், பத்தாவது தடவை ஆடும் மனிதரிடம் ஒரே கோட்டில் ஓடும். ஆகவே அனுபவமுள்ள ஆட்டக்காரரின் ஓட்டத்தைத் தனியாக எண்ண வேண்டும்.

இன்னொரு எல்லைக்கோடு. 'டிசைசிவ் கேம்பெய்ன்ஸ்: பார்பரோசா' (2015) விளையாட்டில் ஜெர்மன் பக்கம் ஆடுகிறவர் ஹிட்லர் அல்ல, தலைமைப் பணியகத் தலைவர் ஹால்டர். மேலிருந்து வரும் கட்டளையை ஏற்கலாம், அரசியல் புள்ளி செலவழித்து மறுக்கலாம். சோவியத் பக்கம் ஆடுகிறவர் ஸ்டாலின். அங்கே அவருடைய சந்தேகநோயையும் கணக்கில் எடுக்க வேண்டும். முட்டாள் விதி எழுத வேண்டிய இடத்தில் அதிகாரியின் நாற்காலியை மாற்றிப் போட்டிருக்கிறார்கள். எனக்குத் தெரிந்து இந்தச் சிக்கலுக்கு வந்த மிகக் கெட்டிக்காரத்தனமான விடை இதுதான். தளையில் சேர்க்கலாம், மறுப்பில்லை.

மடல் 6

> 'ஹிஸ்டாரிகல் ஏஐ' என்று ஒரு தெரிவு

இது இரண்டிலும் சேராது. அது கட்டுவது ஏஐயை மட்டும். ஆட்டக்காரர் போலந்தை ஆடி ஜெர்மனியை 1939லேயே முறியடித்தாலும் மற்ற நாடுகள் தங்கள் பட்டியலையே பார்த்துக்கொண்டிருக்கும். காரணம் போனபிறகும் காரியம் நடக்கும். இதற்கு 'வரலாற்றுத் தடம்' என்று வைக்கலாம்: தடத்தில் செல், தடம் விலகு. முதல் மடலின் தண்டவாளத்துக்கும் இப்படி ஓர் இடம் கிடைக்கும்.

அப்புறம் ஓர் இலக்கணக் குறிப்பு. விவாதத்துக்கு வெளியே ஒருவர் 'சூழல்தளை' என்று எழுதக் கண்டேன். புணர்த்தினால் சூழற்றளை. யாருக்கும் புரியாது, தேடினாலும் அகப்படாது. 'நிலைமைத் தளை' என்றால் இந்த வம்பே இல்லை.

மடல் 7

பட்டியலில் ஏற்றுவதற்கான வரைவு. மறுப்பிருந்தால் சொல்லுங்கள்.

முடிவுத் திணிப்பு – ஆட்டக்காரரின் தெரிவு எதுவானாலும் வரலாற்று விளைவையே வரவைக்கும் விதி. வினை: முடிவைத் திணி. கிளை: மறைதிணிப்பு, தெரிவு இருப்பதுபோல் காட்டி, எவரும் கொடுக்கமாட்டாத விலை வைப்பது.

நிலைமைத் தளை – அன்றைய முடிவைக் கடினமாக்கிய காரணங்களை (போக்குவரத்து, வழங்கல், அதிகாரம், தகவல்) ஆட்டத்தில் அமைத்து, தெரிவை ஆட்டக்காரரிடம் விடும் விதி. சுருக்கமாகத் தளை. வினை: தளை இடு, தளை தளர்த்து.

வரலாற்றுத் தடம் – ஏஐ நாடுகள் மட்டும் நடந்த வரிசையைப் பின்பற்றும் அமைப்பு.

பின்னறிவு – பின்னால் நடந்ததை அறிந்தே ஆடுவதால் ஆட்டக்காரருக்குக் கிடைக்கும் முற்சாய்வு.

'ரெயில்ரோடிங்' என்று தேடுகிறவர்களை முதல் பதிவுக்கு அனுப்பிவிடலாம். 'முட்டாள் விதி' பேச்சுவழக்காக அதன்கீழ் இருக்கட்டும்.

தடம் பொத்தானுக்குள் அடங்குகிறது. 'முடிவுத் திணிப்பு' அடங்காது, ஆனால் எந்த விளையாட்டும் அதைப் பொத்தானாக வைக்கப்போவதில்லை.

மடல் 8

'முற்சாய்வு' வேண்டாம். அது ஒருபக்கச் சார்பு என்று படிக்கப்படும். 'முன்னனுகூலம்' என்று மாற்றினால் மற்றதெல்லாம் சம்மதம்.