தண்டல் அட்டையும் கூட்டு வட்டியும்

மதுரையில் ஒரு பள்ளியில் பதினைந்து வருடமாகக் கணக்கு எடுக்கிறேன். போன வருடம் எட்டாம் வகுப்பில் கூட்டு வட்டி நடத்திக்கொண்டிருந்தபோது நடந்தது இது.

பெல் அடித்ததும் ஒரு மாணவி என்னிடம் வந்து, நோட்டுக்குள்ளிருந்து ஒரு மஞ்சள் அட்டையை எடுத்து நீட்டினாள். "மிஸ், இது எத்தனை வட்டி?"

அவள் அம்மாவின் தண்டல் அட்டை. விடியற்காலையில் மாட்டுத்தாவணி மார்க்கெட்டில் உதிரி மல்லி வாங்கி, விளக்குத்தூண் பக்கம் கட்டி விற்கிறவர். அட்டையில் நூறு கட்டம். பணம் கட்டிய நாளுக்கெல்லாம் ஒரு கிறுக்கல் கையெழுத்து. மழை பெய்த நாட்கள் வெறுமையாகக் கிடந்தன.

கடன் 10,000. பிடித்தம் போகக் கையில் வந்தது 8,500. தினம் 100 ரூபாய், 100 நாள். "பதினைஞ்சு பெர்சென்ட்தான்னு அம்மா சொல்லுச்சு மிஸ்" என்றாள்.

மறுநாள் வகுப்பிலேயே போட்டுப் பார்த்தோம். பத்து நாளுக்கு ஒருமுறை பாக்கி எவ்வளவு என்று பிள்ளைகளே அட்டவணை எழுதினார்கள். 8,500 ரூபாயும் நூறு நாளும் அந்த அம்மா கையில் இருக்கவில்லை. பாதி நாளில் பாதிப் பணம் திரும்பிப் போய்விட்டது. சராசரியாக அவர் கையில் இருந்தது 4,250தான். அதற்கு 1,500 வட்டி என்றால் மாதத்துக்கு நூறுக்குப் பத்து ரூபாய்க்கு மேல். "அப்ப இது பத்து வட்டி!" என்று கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல். மொய் நோட்டைப் பார்த்து யாருக்கு எவ்வளவு திருப்பிச் செய்யணும் என்று சரியாகச் சொல்கிற பிள்ளைகள் இவர்கள். கணக்கு வராதவர்கள் இல்லை. கந்துவட்டிக்கு எதிராக 2003லேயே சட்டம் வந்துவிட்டது என்பதையும் அன்றுதான் சொன்னேன். பாடப்புத்தகத்தில் இருந்த வட்டிக் கணக்கில் தண்டல் என்ற சொல்லே இல்லை.

அவள் அம்மா ஒருநாள் பள்ளிக்கே வந்துவிட்டார். "எங்களுக்கு பேங்க்ல யாரு டீச்சர் தருவா?" நியாயமான கேள்வி. தெருவோர வியாபாரிகளுக்காக 2020ல் வந்த பிரதமர் ஸ்வநிதி திட்டத்தைச் சொன்னேன். பிணை கிடையாது. ஒழுங்காகக் கட்டினால் 7 சதவீத வட்டி மானியமும் உண்டு. விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்தது மகள்தான்.

பதில்:

டீச்சர், படித்ததும் என் வண்டிக் கடன் ஞாபகம் வந்துவிட்டது. ஐடிஐ முடித்த கையோடு திருமங்கலம் பக்கம் ஒரு ஷோரூமில் 60,000 கடன் போட்டேன். "ஒரு வட்டிதான் தம்பி" என்றார்கள். ரெண்டு வட்டி, மூணு வட்டி என்று கேட்டே வளர்ந்தவனுக்கு அது சும்மா தருவதுபோல் இருந்தது. மாதம் 3,100, 24 மாதம். பாதி அசலைக் கட்டிய பிறகும் முழு 60,000க்கே வட்டி போனது எனக்குத் தெரியாது. குறைகிற பாக்கிக்குக் கணக்குப் போட்டால் வருடத்துக்கு 21 சதவீதத்துக்கு மேல் வருகிறது. இப்போது புதுக் கடன் என்றால், எல்லாச் செலவும் சேர்த்த வருட வட்டியை ஒரு தாளில் தெளிவாகத் தரவேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2024 அக்டோபரிலிருந்து கட்டாயமாக்கியிருக்கிறது. சரி, அந்தத் தாளைப் படிக்க 18 வயதுப் பையனுக்கு யார் சொல்லித் தருவது?

என் அக்கா மகன் இந்த வருடம் பத்தாவது. அடுத்து வண்டிதான் கேட்பான். உங்கள் பிள்ளைகள் எழுதிய அந்த அட்டவணை இருந்தால் இங்கே போடுங்கள் டீச்சர், ஞாயிற்றுக்கிழமை அவனோடு உட்கார்ந்து போட்டுப் பார்க்கிறேன்.