வெறும் பிளேட்டைத் திருப்பிக் கொடுக்கலாமா? – கௌபி பிரவுனி அனுபவங்கள்

மூன்றாம்மாடி (வெள்ளவத்தை)

எங்கள் ஃபிளாட்டில் முதலாம் மாடி அன்ரி ஒவ்வொரு நத்தாருக்கும் ஒரு பிளேட் கொடுத்தனுப்புவார். ஒயில் பேப்பரில் சுற்றிய கேக் நான்கு துண்டு, இரண்டு பற்றிஸ், சில வருடம் பால் ரொபியும் இருக்கும். அந்தப் பிளேட்டை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்க அம்மா விடமாட்டார். ஒரு சீப்பு வாழைப்பழமாவது வைத்துத்தான் கொண்டுபோக வேண்டும்.

போன நத்தாருக்கு அன்ரி தானே மேலே ஏறி வந்தார். "எனக்கும் சீனி வருத்தம் எண்டு சொல்லிப்போட்டாங்கள் பிள்ளை. நான் அடிச்ச கேக்கை நானே தொடக்கூடாதாம்" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார், ஆனாலும் எனக்கு ஒருமாதிரிப் போய்விட்டது. எங்கள் அப்பாவும் 12 வருடமாக அதே வருத்தத்தோடு இருப்பவர். கேக் வந்தால் ஒரு துண்டை நான்காக வெட்டி, நான்கையும் தானே சாப்பிட்டுவிட்டு "சின்னத் துண்டுதான்" என்பார்.

மாவுக்குப் பதில் அவித்த பீன்ஸை அரைத்துப் பிரவுனி செய்வார்கள் என்று எங்கேயோ வாசித்திருந்தேன். அதையே பிளேட்டில் வைத்துக் கொடுக்கலாம் என்று தோன்றியது. "பீன்ஸில பிரவுனி செய்யப்போறன்" என்றதும் அம்மா மரக்கறிக் கூடையைத் திரும்பிப் பார்த்தார். "போஞ்சியிலயா? ஏன் பிள்ளை, அதைச் சும்மா பால்கறி வைக்கலாமே!" நம் வீடுகளில் பீன்ஸ் என்றால் வெலிமடைப் பக்கத்திலிருந்து வரும் பச்சைப் போஞ்சிதானே. நானும் சிரித்துச் சிரித்து விளக்கினேன். பிறகு தேடிப் பார்த்தால் அம்மாவில் பிழையே இல்லை. வெளிநாட்டுச் செய்முறைகளில் வரும் கறுப்பு பீன்ஸும் சிவப்பு கிட்னி பீன்ஸும் போஞ்சியும் ஒரே இனம். பிஞ்சிலே பறித்தால் கறி, முற்றிக் காயவிட்டால் இந்த விதை.

கறுப்பு பீன்ஸ் ரின் காலி வீதியில் ஒரு சுப்பர் மார்க்கெட்டில் இருந்தது. விலையைப் பார்த்துவிட்டு, எடுத்த இடத்திலேயே வைத்தேன். வீட்டில் போத்தல் நிறையச் சிவப்புக் கௌபி (தட்டைப்பயறு) இருக்கும்போது எதற்கு? கௌபி போஞ்சி இனமில்லை, பயறுக்கும் உளுந்துக்கும் சொந்தம். ஆனால் நிறமும் மாத்தன்மையும் பிரவுனிக்குப் போதும்.

முதல் தடவை கவிழ்ந்தது. காலைச் சாப்பாட்டுக்குத் தேங்காய்ப்பூவும் கட்டைச் சம்பலும் வைத்துச் சாப்பிட அவிப்போமே, அந்தப் பதத்தில் இறக்கிவிட்டேன். தோல் முழுசாக இருந்தது. பிளெண்டர் சூடாகி மணக்கத் தொடங்கியதே தவிர தோல் அரைபடவில்லை. ஓவனிலிருந்து எடுத்த கையோடு அப்பாவுக்கு ஒரு துண்டு கொடுத்தேன். மென்றார், யோசித்தார். "நல்லாத்தான் இருக்கு. மோதகத்துக்கு உள்ளுக்கு வைக்கிற பயறு மாதிரி." அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. மிச்சத்தை மூடி பிரிட்ஜில் வைத்துவிட்டுப் படுத்தேன். காலையில் பார்த்தால் வேறு சாமான்! கௌபி வாசம் அடங்கி, சொக்லேட் முன்னுக்கு வந்து, துண்டு கத்தியில் ஒட்டாமல் வெட்டுப்பட்டது. அன்றிலிருந்து நான் சூட்டோடு யாருக்கும் கொடுப்பதில்லை.

இரண்டாம் தடவை செய்தது இதுதான். 100 கிராம் கௌபியை இரவு ஊறவிட்டு, அந்தத் தண்ணீரைக் கொட்டி, புதுத் தண்ணீரில் உப்பில்லாமல் குக்கரில் நன்றாகக் குழைய அவித்தேன். வடித்தால் 240 கிராம் மட்டில் வரும். கொஞ்ச நேரம் வடியிலேயே விடுங்கள், தண்ணீர் நின்றால் பிரவுனி களிபோலாகிவிடும். ஆறியதும் 3 முட்டை, 3 மேசைக்கரண்டி தேங்காயெண்ணெய், கொஞ்சம் வனிலா சேர்த்து அரைத்தேன். இந்த இடத்தில் அவசரப்படக் கூடாது. விரலால் தொட்டுத் தேய்த்துப் பார்த்தால் நறநறப்பு இருக்கக் கூடாது. அப்புறம் 30 கிராம் கொக்கோ, 120 கிராம் சீனி, அரைத் தேக்கரண்டி பேக்கிங் பவுடர், கால் தேக்கரண்டி உப்பு, ஒரு தேக்கரண்டி கோப்பித்தூள். கோப்பி தனியாகத் தெரியாது, கொக்கோவைத் தூக்கிக் காட்டும். 8 அங்குலச் சதுரத் தட்டில் ஒயில் பேப்பர் போட்டு ஊற்றி, மேலே கறுப்புச் சொக்லேட் உடைத்துத் தூவி, 180 பாகையில் 25 நிமிடம். மேல்பக்கம் மங்கி, தொட்டால் கையில் ஒட்டாமல் வந்தால் சரி. மா இல்லாதபடியால் எவ்வளவு அடித்தாலும் இறுகிப்போகும் என்ற பயம் இல்லை.

16 துண்டு வந்தது. அன்ரியின் பிளேட்டில் ஆறு வைத்துக் கொண்டுபோனேன். என்ன போட்டது என்று சொல்லவில்லை. பின்னேரம் கோல் எடுத்து, "பிள்ளை, எந்தக் கடைப் பட்டர்?" என்று கேட்டார். பட்டரே இல்லை!

உங்களில் யாராவது செய்து பார்த்தீர்களா?

கொட்டாஞ்சேனைக்காரி

எங்கள் வீட்டில் நடந்ததைச் சொன்னால் வயிறு நோகும். 24ஆம் திகதி, நடுச்சாமப் பூசைக்குப் போக முதல் வேலையெல்லாம் முடிக்கவேண்டும் என்ற அவதி. இவரைக் கடைக்கு அனுப்பி, "பேக் பண்ண பீன்ஸ் ரின் ஒண்டு வாங்கிக்கொண்டு வாங்கோ" என்றேன். வந்தது. திறந்தால் தக்காளிச் சோஸில் மிதக்கும் பேக்ட் பீன்ஸ்! கேட்டால், "பேக் பண்ணத்தானே கேட்டாய், இதில பேக்ட் எண்டே போட்டிருக்கு" என்கிறார். திரும்ப அனுப்ப நேரமில்லை.

வடியில் போட்டு மூன்று தரம் கழுவினேன். நான்காம் தரமும் தண்ணீர் கொஞ்சம் செம்மஞ்சளாகத்தான் வந்தது. சரி வருவது வரட்டும் என்று அரைத்துச் செய்தேன். நிறம் பிரவுனி, வாசம் பிரவுனி. வாயில் வைத்தால் முதலில் சொக்லேட், கடைசியில் நாக்கின் ஓரத்தில் ஒரு புளிப்பு. பிள்ளைகள் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார்கள். என் மச்சாள் மட்டும், "அண்ணி, இதுக்குச் சோஸ் விட்டதோ?" என்று கேட்டு என் மானத்தை வாங்கினாள். இவர் இன்றைக்கும் அது தன் பிழையில்லை என்றுதான் சொல்கிறார்.

உப்புத் தண்ணீரில் இருக்கும் சாதாரண ரின் என்றால் பயமில்லை. வடித்து நன்றாக அலசினால் போதும்.

பிளேன்ரீ

நல்லாயிருக்கு. ஆனால் ஒரு கணக்குப் பார்ப்போம். 120 கிராம் சீனி, 16 துண்டு. ஒரு துண்டில் ஏழரைக் கிராம், அதாவது கிட்டத்தட்ட இரண்டு தேக்கரண்டிச் சீனி. மேலே தூவிய சொக்லேட் வேறு. நான் பிளேன்ரீக்கு அரைக் கரண்டி போட்டாலே வீட்டில் சண்டை.

கௌபியால் பலன் இல்லை என்று சொல்லவில்லை. 100 கிராம் கோதுமை மாவில் மாச்சத்து 76 கிராம், நார்ச்சத்து 3 கிராம்கூட இல்லை. அதன் இடத்தில் போகும் 240 கிராம் அவித்த கௌபியில் மாச்சத்து 50 கிராம் அளவு, நார்ச்சத்து 15 கிராம் அளவு. அது பெரிய வித்தியாசம்தான். ஆனால் "சீனி வருத்தக்காரருக்கு ஏற்றது" என்று சொல்லிக் கொடுத்தால் அவர்கள் ஒன்றுக்கு மூன்றாகச் சாப்பிடுவார்கள். என் மாமா அப்படித்தான். கித்துள் பாணி விட்டுச் செய்தது என்று சொன்னதும் பாதித் தட்டைக் காலி பண்ணினார். கித்துள் பாணியும் சீனிதான் மாமா!

தெஹிவளை மாமி

கௌபியில் செய்கிறவர்கள் செய்யுங்கோ. காய்ந்த சிவப்பு கிட்னி பீன்ஸ் வாங்கிச் செய்கிறவர்கள் இதைக் கட்டாயம் வாசியுங்கோ. நான் பட்டது.

மகன் கனடாவிலிருந்து வரும்போது ஒரு ஸ்லோ குக்கர் கொண்டுவந்தான். பீன்ஸை ஊறவிட்டு, இரவு அதில் குறைந்த சூட்டில் போட்டுவிட்டுப் படுத்தேன். காலையில் பார்க்க மெத்தென்றுதான் இருந்தது. அரைக்க முதல் பதம் பார்க்கிறேன் என்று ஒரு ஏழெட்டு விதை வாயில் போட்டேன். இரண்டு மணித்தியாலம் போகவில்லை, வாந்தி தொடங்கியது. அப்புறம் வயிற்றோட்டம். பின்னேரம்வரை பாத்ரூமும் கட்டிலும்தான். நான் முதல்நாள் சாப்பிட்ட மீனில் பழியைப் போட்டேன். டொக்டர் என்னென்ன சாப்பிட்டீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, பீன்ஸ் கதை வந்ததும் பேனையைக் கீழே வைத்துவிட்டார்.

அந்த விதையில் லெக்டின் வகைப் புரதம் ஒன்று இயற்கையாகவே இருக்கிறது. சரியாக வேகாவிட்டால் நான்கைந்து விதையே போதும், ஆளை விழுத்த. ஸ்லோ குக்கரின் சூடு அதை அழிக்கப் போதாது. ஆகக் குறைந்தது ஐந்து மணித்தியாலம் ஊறவிட்டு, அந்தத் தண்ணீரைக் கொட்டி, புதுத் தண்ணீரில் தளதளவென்று கொதிக்க விடவேண்டும். பத்து நிமிடம் கட்டாயம், அரை மணித்தியாலம் கொதித்தால் மனதுக்கு நிம்மதி. பிரஷர் குக்கர் என்றாலும் சரி. "எப்படியும் ஓவனில் வேகுமே" என்று அரைவேக்காட்டில் அரைக்க வேண்டாம். கலவையின் நடுப்பக்கம் கொதிநிலைக்குப் போகாது. ரின்னில் வருவது முன்பே வெந்தது, அதற்கு இந்தப் பயம் இல்லை.

ஸ்லோ குக்கர் இப்போது மேல் தட்டில் இருக்கிறது. மகன் கேட்டால், பத்திரமாக வைத்திருக்கிறேன் என்று சொல்வேன்.

மார்கழிவிரதம்

நத்தார் வரும் காலம் எங்கள் வீட்டில் விரத காலம். பிள்ளையார் கதை 21 நாள், அது முடிய திருவெம்பாவை. வீட்டுக்குள் முட்டை வராது. ஆனால் பிள்ளைகளுக்கு டிசம்பர் லீவு, பக்கத்து வீட்டிலிருந்து கேக் மணம் வேறு. முட்டை இல்லாமல் முயன்றேன்.

ஒன்றும் மாற்றாமல் முட்டையை மட்டும் விட்டுச் செய்தது தட்டை விட்டு எழும்பவேயில்லை. கரண்டியால் வழித்துத்தான் சாப்பிட்டோம். சின்னவள் அதற்கு "சொக்லேட் அல்வா" என்று பேர் வைத்தாள். அடுத்த முறை நன்றாகப் பழுத்த இரண்டு கதலிப்பழம், 4 மேசைக்கரண்டி கெட்டித் தயிர், 4 மேசைக்கரண்டி குரக்கன் மா சேர்த்து, பேக்கிங் பவுடரோடு ஒரு சிட்டிகை அப்பச்சோடாவும் போட்டேன். பழம் போட்டதால் சீனியை 80 கிராமாகக் குறைத்தேன். 35 நிமிடம் எடுத்தது. வாழைப்பழ வாசம் வரும், அதை மறைக்க முடியாது. ஆனால் துண்டாக நிற்கும். வஜிரா பிள்ளையார் கோயிலால் வந்து தேத்தண்ணியோடு சாப்பிட நன்றாகவே இருந்தது.

இரவுபஸ்

யாழ்ப்பாணத்தில் இருக்கும் அம்மம்மாவுக்கு வெள்ளவத்தையில் பஸ் ஏற்றி அனுப்பினேன், நத்தார் கேக் அனுப்புவதுபோல. பெட்டியில் போடும்போது இளஞ்சூடு, மூடியும் இறுக்கம். இரவு முழுக்கப் பஸ், பிறகு ஆள் போய் எடுக்க மத்தியானம். அம்மம்மா கோல் எடுத்து, "புளிச்சுப்போச்சு ராசா, ஆனா பெட்டி வடிவான பெட்டி" என்றார்.

நத்தார் கேக் மாதக்கணக்கில் நிற்கும், அதில் சீனியும் பழமும் பிரண்டியும் அவ்வளவு. இது ஈரமான அவித்த கௌபி. கொழும்பு வெக்கைக்கு வெளியில் வைத்தால் ஒரு நாள்தான், பிரிட்ஜில் மூன்று நான்கு நாள். இப்போது முழுதாக உறையவைத்து, பேப்பரில் சுற்றி, ஊருக்குப் போகும்போது நானே கொண்டுபோகிறேன்.

மூன்றாம்மாடி (வெள்ளவத்தை)

பேக்ட் பீன்ஸ் கதையை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். "எங்கட வீட்டு ஆளும் அப்படித்தான் வாங்கி வந்திருப்பார்" என்று அப்பாவைப் பார்த்தார். அப்பா பேப்பரை உயர்த்திப் பிடித்துக்கொண்டார்.

பிளேன்ரீ சொன்னது சரி. நான் இப்போது 90 கிராம் சீனிதான் போடுகிறேன், தட்டை 25 துண்டாக வெட்டுகிறேன். அதற்கும் கீழே போனால் கொக்கோக் கசப்போடு கௌபியும் எட்டிப் பார்க்கிறது. அன்ரியிடமும் உள்ளதைச் சொல்லிவிட்டேன்: கௌபி போட்டது, ஆனால் சீனியும் இருக்கு, ஒன்றோடு நிறுத்துங்கோ. கௌபி என்றதும் நம்பவே இல்லை. நேரே எங்கள் குசினிக்கு வந்து போத்தலைத் திறந்து பார்த்தார்.

கௌபியை எங்கே வாங்குவது என்று ஒருவர் தனியாகக் கேட்டிருந்தார். பக்கத்துக் கடையிலேயே கிடைக்கும். கூடுதலாகத் தேவை என்றால் புறக்கோட்டை ஐந்தாம் குறுக்குத் தெருப் பக்கம் போங்கள். போன வருட விதை என்றால் எவ்வளவு அவித்தாலும் குழையாது, புது விதைதானா என்று மட்டும் கேட்டு வாங்குங்கள்.

இந்த வருடப் பிளேட் இன்னும் வரவில்லை. ஆனால் அன்ரி நேற்று லிஃப்டில் கண்டு, கௌபி எத்தனை விசில் என்று கேட்டார்.