கிரப் பட்டியலில் தேர்ந்தெடுத்த உடனே கணினி மறுதொடக்கம் ஆகிறது: கெர்னலுக்குக் கட்டுப்பாடு வருகிறதா, இல்லையா?

தொடக்கன்32:
சொந்தமாக ஒரு சிறிய கெர்னல் (இயக்க முறைமையின் மையப் பகுதி) எழுதிக்கொண்டிருக்கிறேன். கணினியைப் போலச் செயல்படும் மென்பொருளான கியூஎமுவில் குறையின்றி இயங்குகிறது. திரையில் எழுத்து வருகிறது, விசைப்பலகையும் வேலை செய்கிறது. அதையே பென்டிரைவில் ஏற்றி மடிக்கணினியில் தொடங்கினால், கெர்னலை ஏற்றித் தரும் பூட் லோடரான கிரப்பின் பட்டியல் வரை எல்லாம் சரியாக இருக்கிறது. என் கெர்னலைத் தேர்ந்தெடுத்ததும் திரை கறுத்து, கணினி மறுதொடக்கம் ஆகிவிடுகிறது. பிழைச் செய்தி ஏதும் இல்லை. நாளை இதை இயக்கிக் காட்ட வேண்டும் என்பதால் தெரிந்தவர்கள் விரைந்து உதவுங்கள்.

மென்காற்று:
மடிக்கணினியின் ஃபர்ம்வேர், அதாவது இயக்கியதும் முதலில் ஓடும் உள்ளமை மென்பொருள், பழைய பயாஸ் முறையில் தொடங்குகிறதா, புதிய யூஇஎஃப்ஐ முறையிலா? உங்கள் கெர்னலில் இருப்பது மல்டிபூட் (பூட் லோடருக்கும் கெர்னலுக்கும் இடையிலான ஒப்பந்த வரையறை) 1 தலைப்பா, 2 தலைப்பா? 32 பிட்டா, 64 பிட்டா? இவை தெரியாமல் யாரும் எதுவும் சொல்ல இயலாது. யூஇஎஃப்ஐ முறை என்றால் பழைய விஜிஏ எழுத்துத் திரையே இருக்காது. அந்த நினைவக முகவரியில் எவ்வளவு எழுதினாலும் திரையில் ஒன்றும் தோன்றாது. என் ஐயம் அதுதான்.

காலிப்பெட்டி:
திரை தெரியாமல் போவதற்கும் கணினி மறுதொடக்கம் ஆவதற்கும் தொடர்பில்லையே. இது ஸ்டாக் (நிரல் தற்காலிக மதிப்புகளை அடுக்கிவைக்கும் நினைவகப் பகுதி) சிக்கல். மல்டிபூட் வரையறைப்படி, கெர்னலுக்குள் நுழையும்போது ஸ்டாக் பாயின்டர் எங்கே நிற்கும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. கெர்னல் தனக்கென ஓர் இடத்தை ஒதுக்கி, முதல் சில கட்டளைகளுக்குள் அதை அமைத்துக்கொள்ள வேண்டும். பத்தில் எட்டுப் பேர் இதைத்தான் மறக்கிறார்கள்.

முதல்செக்டர்:
இந்தக் கேள்வி மாதம் ஒருமுறை வருகிறது. வரையறை ஆவணத்தில் "கணினியின் நிலை" என்று ஒரு பகுதி உண்டு. ஒரு பக்கம்கூட வராது. அதைப் படிக்காமல் கெர்னல் எழுதத் துணிகிறவர்களுக்கு நான் என்ன சொல்வது? நாங்கள் கற்றபோது 512 பைட் கொண்ட முதல் செக்டரில், பார்ட்டிஷன் அட்டவணைக்கும் இறுதி அடையாளத்துக்கும் 66 பைட் போக, மிஞ்சிய 446 பைட்டுக்குள் நிரலை அடக்கினோம். 1 மெகாபைட்டுக்கு மேலுள்ள நினைவகத்துக்கு வழிவிடும் ஏ20 தடத்தைத் திறந்து, நினைவகப் பகுதிகளை (செக்மென்ட்) விவரிக்கும் அட்டவணையான ஜிடிடியை நாமே எழுதி, செயலியின் 32 பிட் நிலையான புரொடெக்டட் மோடுக்கு நாமே சென்றோம். எல்லாவற்றையும் கிரப் தட்டில் வைத்துத் தருவதால், எதை அது தரவில்லை என்பதே இன்று எவருக்கும் தெரிவதில்லை.

தொடக்கன்32:
மன்னிக்கவும், அவசரத்தில் விட்டுவிட்டேன். பழைய இயந்திரம், பயாஸ் மட்டுமே. மல்டிபூட் 1, 32 பிட். தொடக்கத்திலேயே 16 கிலோபைட் ஸ்டாக் ஒதுக்கியிருக்கிறேன், எனவே அது இல்லை. கூர்ந்து பார்த்தால், கறுப்பதற்கு முன் முதல் வரி ஒரு கணம் தோன்றுவதுபோல் இருக்கிறது.

நுண்ணோக்கி:
அந்தக் கடைசி வாக்கியத்தை முதலிலேயே எழுதியிருந்தால் பாதி இழை தேவைப்பட்டிருக்காது. முதல் வரி தோன்றுகிறது என்றால் கைமாற்றம் நடந்துவிட்டது. உங்கள் நிரல் ஓடிக்கொண்டிருக்கும்போதுதான் விழுகிறது. ஒன்றே ஒன்றைச் சொல்லுங்கள்: கியூஎமுவில் கெர்னல் கோப்பை நேரடியாகக் கொடுத்து இயக்குகிறீர்களா, அல்லது கிரப் அடங்கிய ஐஎஸ்ஓ கோப்பை உருவாக்கி அதிலிருந்தா?

தொடக்கன்32:
நேரடியாகத்தான். இரண்டும் ஒன்றுதானே?

நுண்ணோக்கி:
இல்லை. நேரடியாகக் கொடுக்கும்போது கிரப் அங்கே வருவதே இல்லை. கியூஎமு தன்னிடமுள்ள சிறிய மல்டிபூட் ஏற்றியைக் கொண்டு உங்கள் கெர்னலை நினைவகத்தில் வைத்துத் தாவுகிறது. ஆக, நீங்கள் சோதித்தது ஒரு பூட் லோடரை, ஓட்டுவது இன்னொன்றை. இரண்டும் வரையறையைப் பின்பற்றுகின்றன. வரையறை சொல்லாமல் விட்ட இடங்களில் வேறுபடுகின்றன.

வரையறை உறுதியளிப்பவை கொஞ்சம்தான்: 32 பிட் புரொடெக்டட் மோட், பேஜிங் (நினைவக முகவரி மாற்றம்) அணைந்திருக்கும், இன்டரப்டுகள் (செயலியைக் குறுக்கிடும் சமிக்ஞைகள்) அணைந்திருக்கும், ஏ20 திறந்திருக்கும், ஈஏஎக்ஸ் ரெஜிஸ்டரில் (செயலிக்குள் இருக்கும் சேமிப்பிடம்) அடையாள எண், ஈபிஎக்ஸில் தகவல் கட்டமைப்பின் முகவரி. செக்மென்ட் ரெஜிஸ்டர்கள் முழு நினைவகத்தையும் சுட்டும், ஆனால் அவற்றின் எண் மதிப்பு என்ன என்பது சொல்லப்படவில்லை. ஜிடிடியைச் சுட்டும் ரெஜிஸ்டர் செல்லாததாகவே இருக்கலாம் என்றும் வெளிப்படையாக எழுதியிருக்கிறது. நீங்கள் சொந்த ஜிடிடி அமைத்தீர்களா?

தொடக்கன்32:
இல்லை. ஐடிடி (எந்த இன்டரப்டுக்கு எந்த நிரல் என்று சொல்லும் அட்டவணை) மட்டும் அமைத்தேன். எல்லா உள்ளீடுகளிலும் கோட் செலக்டர் (ஜிடிடியில் கோட் செக்மென்ட் இருக்கும் இடத்தைச் சுட்டும் எண்) 8. பிறகு இன்டரப்டுகளைத் திறக்கும் எஸ்டிஐ கட்டளை. ஜிடிடி இல்லாமலே எல்லாம் ஓடியதால் தேவையில்லை என நினைத்தேன்.

நுண்ணோக்கி:
ஓடியதற்கும் காரணம் உண்டு. செக்மென்ட் ரெஜிஸ்டரில் ஒரு செலக்டரை ஏற்றும்போது, செயலி ஜிடிடியிலிருந்து அடிமுகவரியையும் எல்லையையும் படித்து அந்த ரெஜிஸ்டரின் மறைந்த பகுதியில் வைத்துக்கொள்கிறது. அதன்பின் அட்டவணையைத் திரும்பிப் பார்ப்பதில்லை. எனவே பூட் லோடரின் ஜிடிடி அழிந்துபோன பின்னரும், பழைய நினைவிலேயே உங்கள் நிரல் நிம்மதியாக ஓடும். முதல் டைமர் இன்டரப்ட் வந்ததும் நிலைமை மாறுகிறது: ஐடிடியில் 8 என்று பார்த்து, அந்த 8ஐத் தேடி ஜிடிடிக்குச் செல்கிறது செயலி. அங்கே கோட் செக்மென்ட் இல்லையென்றால் 13ஆம் எண் விதிவிலக்கு (செயலி எழுப்பும் பிழை). அதைக் கையாளும் உள்ளீட்டிலும் அதே 8. ஆகவே டபுள் ஃபால்ட், அதாவது பிழையைக் கையாளப் போகும்போதே இன்னொரு பிழை. அதற்குரிய உள்ளீட்டிலும் 8. மூன்றாவது முறை தவறியதும் செயலி நின்றுவிடுகிறது, கணினி மறுதொடக்கம் ஆகிறது. பிழைச் செய்தி காட்ட யாரும் எஞ்சியிருப்பதில்லை.

ஐஎஸ்ஓ உருவாக்கி, கியூஎமுவில் மறுதொடக்கத்தைத் தடுக்கும் தெரிவையும் இன்டரப்டுகளைப் பதிவு செய்யும் தெரிவையும் சேர்த்து இயக்குங்கள். நுழைந்தவுடன் சிஎஸ் (கோட் செக்மென்ட்) ரெஜிஸ்டரின் மதிப்பையும் திரையில் அச்சிடுங்கள்.

காலிப்பெட்டி:
இருந்தாலும் ஸ்டாக் சரியாக அலைன் ஆகியிருக்கிறதா (உரிய பைட் எல்லையில் தொடங்குகிறதா) என்றும் பார்த்துவிடலாம்.

மென்காற்று:
இதற்கெல்லாம் தீர்வு பூட் லோடரையே விலக்குவதுதான். லினக்ஸ் கெர்னல் 3.3 பதிப்பிலிருந்து, அதாவது 2012 முதல், ஃபர்ம்வேரே கெர்னலை ஒரு யூஇஎஃப்ஐ நிரலாக நேரடியாக ஏற்ற முடிகிறது. நடுவில் ஒருவர் எதற்கு?

முதல்செக்டர்:
நடுவர் போவதில்லை, கெர்னலுக்குள் குடியேறுகிறார், அவ்வளவுதான். லினக்ஸிலும் அந்தத் தொடக்கப் பகுதிதான் நினைவகத்தில் எது எங்கே என்று சொல்லும் மெமரி மேப்பைப் பெற்று, ஃபர்ம்வேர் சேவைகளை முடித்துவைக்கிறது. மேப்பைப் பெற்ற பிறகு நினைவக ஒதுக்கீடு எதுவும் மாறியிருந்தால், முடித்துவைக்கும் அழைப்பே தோற்கும். மேப்பை மீண்டும் பெற்று முயல வேண்டும். ஆர்ம் 64 பிட் செயலியிலும் எம்எம்யூ (நினைவக முகவரிகளை மாற்றித் தரும் பகுதி) அணைந்த நிலையில், எக்ஸ்0 ரெஜிஸ்டரில் டிவைஸ் ட்ரீயின் (வன்பொருள் விவரப் பட்டியல்) முகவரியோடு நுழைய வேண்டும் என்று ஒப்பந்தம் உண்டு. எங்கு போனாலும் ஒப்பந்தத்தைப் படித்தாக வேண்டும்.

மென்காற்று:
ஒப்பந்தம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஒப்பந்தக்காரர்களின் எண்ணிக்கையைக் குறைக்கலாம் என்றுதான் சொன்னேன். மேலும், இவருடைய இயந்திரத்தில் ஒரே கோப்புக்கு இரு ஏற்றிகள் இருந்ததுதானே வினையாயிற்று?

முதல்செக்டர்:
இவருடைய இயந்திரத்தில் யூஇஎஃப்ஐயே இல்லை என்று அவரே எழுதியிருக்கிறார். பதிலளிக்கும் முன் இழையைப் படிக்கலாம்.

தொடக்கன்32:
பதிவில் 13ஆம் எண் விதிவிலக்கு, பிழைக் குறியீடு 8, பிறகு ட்ரிப்பிள் ஃபால்ட். சிஎஸ் மதிப்பு நேரடியாக இயக்கினால் 8, கிரப் வழியாக வந்தால் 16. சொந்த ஜிடிடி சேர்த்துவிட்டேன், மடிக்கணினியில் ஓடுகிறது. நன்றி.

நுண்ணோக்கி:
மகிழ்ச்சி. ஜிடிடியை ஏற்றும் கட்டளை மட்டும் சிஎஸ்ஸை மாற்றாது. அதை அடுத்து ஒரு ஃபார் ஜம்ப் (சிஎஸ்ஸையும் மாற்றும் தாவல்) இட்டு, புதிய கோட் செலக்டரை ஏற்ற வேண்டும். டேட்டா ரெஜிஸ்டர்களையும் மறுபடி ஏற்ற வேண்டும். அதைச் செய்யாவிட்டால் சிஎஸ்ஸில் பழைய 16 அப்படியே நிற்கும். முதல் இன்டரப்ட் அந்த 16ஐ ஸ்டாக்கில் வைக்கும். திரும்பும்போது செயலி அதை உங்கள் புதிய அட்டவணையில் தேடும். அந்த இடத்தில் டேட்டா செக்மென்ட் இருந்தால் மீண்டும் அதே 13தான். இப்போது ஓடுவதால் இட்டிருப்பீர்கள் என்றே நினைக்கிறேன். இருந்தாலும் அந்த நான்கு வரிகளை இங்கே பதிவிடுங்கள்.

காலிப்பெட்டி:
இரண்டு நாளாகப் பதில் இல்லை. ஸ்டாக் அலைன்மென்டையும் கடைசிவரை அவர் சொல்லவில்லை.