ஓடர் கூடுகிறது, ஆளை எங்கே எடுப்பது?

கல்லடிக் கடை: மருதமுனைக் கைத்தறிச் சாரன், சேலைகளை இணையத்தில் விற்கிறேன். ஓடர் அதிகம் டொரொண்டோவிலிருந்து. அவர்கள் வட்ஸ்அப்பில் கேள்வி கேட்கும்போது நான் நல்ல நித்திரை. பதில் சொல்ல இங்கே ஒரு பிள்ளையை எடுப்பதா, கனடாவிலேயே மணிக்கணக்கில் ஒருவரைப் பிடிப்பதா?

கல்முனை அக்கா: தம்பி, உள்ளூர் ஆள் என்றால் சம்பளத்தோடு கணக்கை மூடாதீங்க. ஈபிஎஃப் (ஊழியர் சேமலாப நிதி) உங்கள் பங்கு 12 வீதம், ஈடிஎஃப் (ஊழியர் நம்பிக்கை நிதி) 3 வீதம். 50,000 சம்பளத்துக்கு இன்னும் 7,500 வரும். அதற்காகக் கனடா மலிவு என்று நினைக்காதீங்க, அது டொலர். 2022இல் ஒரு அமெரிக்க டொலர் 200 ரூபாயிலிருந்து 360 வரை ஏறியது மறந்துபோச்சா?

வாவிக்கரை: கோடையில் டொரொண்டோவில் இரவு எட்டு மணி என்றால் நமக்கு விடிய ஐந்தரை. எப்படியும் சுபஹுத் தொழுகைக்கு எழும்பும் ஆள் போதுமே! “கரை எத்தனை விரல் அகலம், சாயம் போகுமா” என்றுதான் கேட்பார்கள். துணி கையில் இல்லாத ஆள் அதையும் உங்களிடம்தான் கேட்பார்.

கல்லடிக் கடை: அதுவும் சரிதான். காத்தான்குடியில் ஒரு தம்பி இருக்கிறார், இங்கிலீஷும் பரவாயில்லை. விடியக்காலை நாலு மணி நேரத்துக்குக் கேட்டுப் பார்க்கிறேன். அக்கா, பகுதிநேரத்துக்கும் ஈபிஎஃப் கட்ட வேண்டுமா?

கல்முனை அக்கா: ஓம், கட்டத்தான் வேணும்.