இன்டெலிஜென்ட், க்ளெவர், ஸ்மார்ட்: எதை எங்கே எழுதுவது?

கேள்வி:
மாணவிக்கு ஆங்கிலத்தில் பரிந்துரைக் கடிதம் எழுத வேண்டும். அகராதியில் மூன்றுக்கும் ‘புத்திசாலி’ என்றே இருக்கிறது. எதைப் போடலாம்?

பதில் 1:
இன்டெலிஜென்ட் போடுங்கள். கற்று, புரிந்து, காரணம் காணும் ஆற்றலைக் குறிக்கும் சொல் அது. க்ளெவர் என்பது சாமர்த்தியம்: சட்டென வழி கண்டுபிடிப்பது, கைவேலையில் கெட்டிக்காரத்தனம். ‘க்ளெவர் ட்ரிக்’, ‘க்ளெவர் எக்ஸ்க்யூஸ்’ என்றெல்லாம் வருவதால் அதில் லேசான தந்திர வாடையும் உண்டு. கடிதத்துக்கு அந்த வாடை வேண்டாம்.

ஸ்மார்ட் இடத்துக்கு இடம் மாறும். அமெரிக்காவில் அறிவாளி; பிரிட்டனில் பெரும்பாலும் நேர்த்தியான உடை. ‘லுக்ஸ் ஸ்மார்ட்’ என்றால் அங்கே சட்டையைத்தான் பார்ப்பார்கள்.

பதில் 2:
ப்ரைட் என்பதும் மாணவிக்கு நன்றாகப் பொருந்தும். ஆனால் அனுபவசாலியான பேராசிரியருக்குப் போட்டால், சிறுபிள்ளையைத் தட்டிக்கொடுப்பதுபோல ஆகிவிடும். ப்ரில்லியன்ட் உச்சச் சொல், அதற்கு முன் ‘வெரி’ சேர்த்தால் இடறும். வைஸ் அனுபவத்தில் வரும் விவேகம். ஷ்ரூட் வியாபாரக் கணக்குக்கு. கன்னிங் சூது, பாராட்டில் தவிர்த்துவிடுங்கள்.

பதில் 3:
அடிக்கடி நடக்கும் பிழை ஒன்று: இன்டெலிஜிபிள். அது அறிவைக் குறிக்காது, ‘புரியும்படியான’ என்று பொருள். பேச்சுக்கும் கையெழுத்துக்கும் பொருந்தும்.

இன்னொன்று, எந்த அடைமொழியும் தனியாக நின்றால் வெறும் புகழ்ச்சிதான். அடுத்த வரியிலேயே அவர் தீர்த்த ஒரு சிக்கலை எழுதுங்கள்.